கொடும்பாளூரில் பிரியும் வழி

பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள் ஐம்பது வயதை நெருங்கும்போது ஒரு வேனைப் பேசிக்கொண்டு, ஊருக்குப் பக்கத்திலிருக்கும் பழைய இடங்களை ஒரே நாளில் சுற்றி வருவது இப்போது பரவலாகிவிட்டது. திருச்சி, தஞ்சாவூர், காரைக்குடிப் பக்கத்துக் கூட்டாளிகள் என்றால் வண்டி அநேகமாகப் புதுக்கோட்டை மாவட்டத்துக்குத்தான் திரும்பும். சித்தன்னவாசல், குடுமியான்மலை, நார்த்தாமலை, கொடும்பாளூர், திருமயம் என்று பட்டியலும் பெரிதாக மாறுவதில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து புளிசாதப் பொட்டலத்தோடு அழைத்துப்போன அதே இடங்கள். அன்றைக்கு ஆசிரியர் சொன்ன அதே விவரங்கள். இது பல்லவர் ஓவியம், இது விஜயாலய சோழன் கட்டியது, இது மகேந்திரவர்மனின் இசைக் கல்வெட்டு. பாடப் புத்தகத்தில் அரச வம்சங்களை வரிசையாக மனப்பாடம் செய்தபோது இந்த மலைகளும் கூடவே மனத்தில் ஏறிவிட்டன, பாறைக்கு ஒரு ராஜா என்ற கணக்கில். அந்தக் கணக்கு தவறு என்பதே என் வாதம். இந்த இடங்களை ஒரே தொடராகக் கட்டி வைத்திருப்பது உறையூரிலிருந்து மதுரைக்குப் போன பெருவழியும், அதில் நடந்த வணிகர்களும் துறவிகளும் யாத்திரிகர்களும்தான். இங்கே கல்லில் பெயர் பொறித்தவர்களில் அரசர்களும் உண்டு. ஆனால் அவர்களின் பலமே அந்த வழியைப் பிடித்து உட்கார்ந்திருந்ததில்தான் இருந்தது.

முதலில் ராஜாக்களின் கணக்கைச் சரிபார்க்கலாம். சித்தன்னவாசல் அறிவர் கோயிலின் தாமரைக்குளத்து ஓவியத்தை நெடுங்காலம் மகேந்திரவர்ம பல்லவன் பெயரில் எழுதிவந்தார்கள். அந்தக் குடைவரையிலேயே இருக்கும் தமிழ்க் கல்வெட்டோ வேறு ஒருவரைச் சொல்கிறது. 9-ஆம் நூற்றாண்டில், அவனிபசேகரன் என்ற விருதுபெற்ற பாண்டியன் ஸ்ரீவல்லபனின் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் உள்ளே புதுப்பித்து முகமண்டபமும் எடுத்தார் என்பது அதன் செய்தி. அரசன் பெயர் காலத்தைக் காட்ட வருகிறது. வேலையைச் செய்தவர் மதுரையிலிருந்து வந்த ஒரு சமண ஆசிரியர். நார்த்தாமலையின் விஜயாலய சோழீச்சரமும் இப்படித்தான். பெயரில் சோழன் இருந்தாலும், அங்குள்ள கல்வெட்டின்படி அதைக் கட்டியவர் சாத்தன் பூதி என்ற இளங்கோவதியரையர். மழையால் சிதைந்தபின் அதைப் புதுப்பித்தவர் மல்லன் விடுமன் என்ற தென்னவன் தமிழதியரையர். கட்டியவர் முத்தரையர் குலத் தலைவர். குடுமியான்மலையின் இசைக் கல்வெட்டில் மகேந்திரவர்மன் பெயரே இல்லை. உருத்திராசாரியரின் மாணாக்கனான ஒரு சிவபக்த மன்னன் என்றுதான் அது சொல்கிறது. மீதியை நாம் சேர்த்துக்கொண்டோம். மூன்று புகழ்பெற்ற இடங்கள், மூன்றிலும் கல்வெட்டு சொல்லாததை நாம் சொல்லிவந்திருக்கிறோம். மூன்று முறையும் ஒரே திசையில், அதாவது பெரிய ராஜாவின் பக்கம், சாய்ந்திருக்கிறோம்.

இந்தச் சாய்வு எங்கிருந்து வந்தது என்பதற்குப் புதுக்கோட்டையின் சொந்த வரலாறே பதில் சொல்கிறது. 1948 மார்ச் வரை அது தொண்டைமான்கள் ஆண்ட தனி சமஸ்தானம். சின்ன சமஸ்தானமாக இருந்ததால் தன் மண்ணை அது அக்கறையோடு ஆவணப்படுத்தியது. 1910-இல் அருங்காட்சியகம் தொடங்கியது, 1929-இல் சமஸ்தானத்துக் கல்வெட்டுகளின் பட்டியல் வெளியானது, பின்னர் கே. ஆர். வேங்கடராம ஐயரின் பெரிய கையேடு தொகுதிகளாக வந்தது. இவ்வளவு சின்ன நிலப்பரப்புக்கு இவ்வளவு ஒழுங்கான பதிவு தமிழகத்தில் வேறெங்கும் இருந்ததாகத் தெரியவில்லை. அந்த உழைப்பில் குறை காண்பதற்கில்லை. ஆனால் 1929-ஆம் ஆண்டுப் பட்டியலின் தலைப்பே, கல்வெட்டுகள் அரச வம்சவாரியாக அடுக்கப்பட்டவை என்று அறிவிக்கிறது. அரசு நடத்தியவர்களின் அலுவலகத்தில் அரசவாரியாக அடுக்குவது இயல்புதான். காலத்தைக் கணிக்கவும் அது வசதி. அந்த அடுக்குமுறைதான் பிறகு பாடப் புத்தகத்துக்கும், தகவல் பலகைக்கும், சுற்றுலாக் கையேட்டுக்கும் வந்து சேர்ந்தது. அதே கல்வெட்டுகளை ஊர்வாரியாக, ஊர்களைச் சேர்க்கும் தடங்களின் வாரியாக அடுக்கிப் பார்த்தால் வேறொரு வரலாறு எழுந்து வருகிறது.

அந்தத் தடத்தை நமக்கு முதலில் விரிவாகக் காட்டுவது சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதை. உறையூரை விட்டுத் தெற்கே நடக்கும் மூவரில் கோவலன் வணிகன், கண்ணகி அவன் மனைவி, கவுந்தியடிகள் சமணத் துறவி. எதிரே வருபவர் குடமலை மாங்காட்டைச் சேர்ந்த மறையவர். திருவரங்கத்தையும் திருவேங்கடத்தையும் காணப் புறப்பட்டவர். மதுரைக்கு வழி கேட்கும்போது அவர் சொல்லும் குறிப்பு துல்லியமானது. கொடும்பைக் குளக்கரையை அடைந்தால் வழி சிவன் கைச் சூலம்போல மூன்றாகப் பிரியும். வலப்பக்க வழி சிறுமலை ஓரமாகப் போகும். இடப்பக்க வழி திருமால்குன்றமாகிய அழகர்மலையைத் தொட்டுச் செல்லும். இரண்டுக்கும் நடுவே ஒன்று உண்டு. கொடும்பை என்பது இன்றைய கொடும்பாளூர். இந்தக் காட்சியில் யார் யார் இருக்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு வணிகன், ஒரு சமணத் துறவி, ஒரு வைணவ யாத்திரிகர். அரசன் யாரும் இல்லை. துணை சேர்ந்து நடப்பது, எதிரே வருபவரிடம் வழி கேட்பது, எந்தப் பக்கம் போவது என்று விவாதிப்பது என இன்றைக்கு வேனுக்குள் நடப்பது அத்தனையும் அங்கே இருக்கிறது.

காப்பியத்தை வரைபடமாக எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. சிலப்பதிகாரத்தின் காலம் பற்றியே அறிஞர்களிடையே சில நூற்றாண்டு வேறுபாடு இருக்கிறது. இடப்பக்க வழியில் அது வைக்கும் பிலமும் மாயப் பொய்கைகளும் நில அளவைத் துறைக்கு உதவாது. ஆனால் புலவரின் கற்பனை வேலை செய்வது மாயத்தில்தான். ஊர்களும் மலைகளும் திசையும் இன்றைக்கும் பொருந்துகின்றன. கல் பாவிய சாலையின் எச்சம் எதுவும் கிடைக்கவில்லையே என்பது அடுத்த கேள்வி. தமிழகத்துப் பெருவழிகள் கால்களும் வண்டிச் சக்கரங்களும் பொதிமாடுகளும் போட்ட தடங்கள். அவற்றின் சான்று தரைக்குள் கிடைப்பது அரிது, ஓரத்தில் நட்ட கற்களில்தான் கிடைக்கும். தருமபுரிப் பக்கத்தில் கிடைத்த அதியமான் பெருவழிக் கல் நாவற்தாவளத்துக்கு 29 காதம் என்று எழுத்தில் சொல்லிவிட்டு, எழுத்தறியாதவர்களுக்காக இரண்டு பெரிய குழிகளும் ஒன்பது சிறிய குழிகளும் வெட்டி வைத்திருக்கிறது. கோவைக்கருகே ராஜகேசரிப் பெருவழிக் கல்வெட்டு இருக்கிறது. இன்னும் முன்னால் போனால், பெரும்பாணாற்றுப்படை மிளகுப் பொதி சுமந்த கழுதைகளின் சாத்தையும் சுங்கம் வாங்கும் பெருவழியையும் காட்டுகிறது. திருச்சி–மதுரை நாற்கரச் சாலையில் பூதக்குடிச் சுங்கச்சாவடியில் வண்டி நிற்கும்போது முணுமுணுப்பவர்கள், இந்த முணுமுணுப்புக்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டு வயது என்று நினைத்துக்கொள்ளலாம்.

கொடும்பாளூர் வழியைப் பற்றி மட்டும் பேசினாலும் வலுவான சான்று ஒன்று உண்டு. கொடும்பாளூருக்குத் தெற்கே, மதுரைக்குப் போகும் திசையில், சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலைக் கோயிலில் 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நீண்ட கல்வெட்டு இருக்கிறது. பதினெண்விஷயத்தார் எனப்பட்ட வணிகர் பேரவை, தங்கள் சரக்கில் பொதிக்கு இவ்வளவு என்று கோயிலுக்கு விட்டுக்கொடுத்த செய்தி அது. உப்பு, நெல், பாக்கு, மிளகு, மஞ்சள், சுக்கு, வெங்காயம், கடுகு, சீரகம், இரும்பு, பருத்தி, நூல், மெழுகு, தேன், சந்தனம், அகில், பட்டு, பன்னீர், சவரி மயிர், கற்பூர எண்ணெய், குதிரை, யானை என்று அந்தப் பட்டியல் போகிறது. இதில் பாதி அந்த வட்டாரத்தில் விளைவதே இல்லை. இமயப் பக்கத்துச் சவரி மயிரும், கப்பலில் வரும் குதிரையும், கடல்கடந்த கற்பூர எண்ணெயும் ஒரு மலையடிவாரக் கோயிலின் வருமானக் கணக்கில் இடம்பெற வேண்டுமென்றால், அந்த மலையடிவாரத்தை ஒட்டி எத்தகைய போக்குவரத்து நடந்திருக்க வேண்டும்! அந்த வட்டாரத்தின் எந்தப் போர்க் கல்வெட்டையும்விட இந்தச் சந்தைப் பட்டியல் அந்த நூற்றாண்டைப் பற்றி அதிகம் சொல்கிறது.

சமணர் குகைகளை இந்த வாதத்துக்குள் கொண்டுவருவது முரண் என்று தோன்றலாம். உலகத்தைத் துறந்து ஒதுங்கியவர்கள், சந்தை நடக்கும் வழியோரத்தையா தேடுவார்கள்? சித்தன்னவாசலின் ஏழடிப்பட்டம் என்ற சமணக் குகைக்கு மலைமேல் ஏறி, மறுபக்கச் சரிவில் இறங்கித்தான் போக வேண்டியிருக்கிறது. ஒதுக்கம் என்றால் அதுதான். ஆனால் அங்கிருக்கும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு என்ன சொல்கிறது? எருமைநாட்டுக் குமுழூரில் பிறந்த ஒருவருக்குச் சிறுபோசில் இளயர் செய்துகொடுத்த இருக்கை என்கிறது. எருமைநாடு என்பது இன்றைய மைசூர்ப் பக்கம் என்று அறிஞர்கள் கொள்கிறார்கள். ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் கன்னட தேசத்துத் துறவி ஒருவர் இந்தப் பாறைக்கு வந்து தங்கியிருக்கிறார். உள்ளூர்க்காரர் கல்லை வழுவழுப்பாக்கிக் கொடுத்திருக்கிறார். வழி இல்லாமல் அவர் வந்திருக்க முடியாது. அழகர்மலையில் இது இன்னும் வெளிப்படை. சிலப்பதிகாரம் சொல்லும் இடப்பக்க வழியில் இருக்கும் அந்த மலையின் சமணக் குகையில் கொடையாளிகளின் பெயர்கள் தொழிலோடு வெட்டப்பட்டுள்ளன: மதுரைப் பொன் கொல்லன், உப்பு வணிகன், பணித வணிகன், கொழு வணிகன், அறுவை வணிகன். தங்கமும் உப்பும் வெல்லப்பாகும் ஏர்க்கொழுவும் துணியும் விற்றவர்கள் துறவிக்குப் படுக்கை வெட்டித் தந்திருக்கிறார்கள். துறவிக்குப் பிச்சை வேண்டும், வணிகருக்குப் புண்ணியம் வேண்டும். இரண்டும் ஒரே தடத்தில் சந்தித்தன. வழிக்கு மேலே, ஆனால் வழிக்கு எட்டிய தூரத்தில் என்பதுதான் இந்தக் குகைகளின் இட விதி.

பாறை இருக்கிற இடத்தில் குடைவரை இருக்கிறது, இதில் வழிக்கு என்ன வேலை என்ற மறுப்பு இன்னும் கடினமானது. கருங்கல் குன்று இல்லாமல் குடைவரை இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் புதுக்கோட்டைச் சுற்றுவட்டாரத்தில் குன்றுகள் ஏராளம், பெரும்பாலானவை உளி படாதவை. உளி பட்டவற்றில் நார்த்தாமலையை எடுத்துக்கொள்வோம். பல்லவன் நிருபதுங்கனின் 7-ஆம் ஆட்சியாண்டில் சாத்தன் பழியிலி குடைந்த சிறு சிவன் கோயில் அங்கே இருக்கிறது. அவரும் முத்தரையர்தான். சோழர் காலத்தில் அந்த ஊருக்குத் தெலுங்ககுலகாலபுரம் என்று பெயர்; ஊரை நிர்வகித்தது நகரம் எனப்பட்ட வணிகர் சபை. மேலே சமணர் குடகு என்று வழங்கும் குடைவரை 13-ஆம் நூற்றாண்டில் திருமால் கோயிலாக மாறியபோது அதற்குக் கிடைத்த பெயர் பதினெண்பூமி விண்ணகரம். பதினெண்பூமி என்பது பிரான்மலையில் சரக்குக் கணக்கு எழுதிய அதே வகை வணிகப் பேரவையைக் குறிக்கும் பெயர். சமணம் போய் வைணவம் வந்தது என்று மத வரலாறாக மட்டும் அதைப் படிக்கிறோம். இரண்டு காலத்திலும் அந்தப் பாறைக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் வேறு கதை தெரியும்.

கொடும்பாளூரில் என் வாதம் கொஞ்சம் பின்வாங்க வேண்டியிருக்கும் என்று எதிர்பார்ப்பவர்கள் இருக்கலாம். மூவர்கோயில் ஐயமில்லாமல் ஓர் அரசனின் படைப்பு. இருக்குவேள் பூதி விக்கிரமகேசரி தன் பெயரிலும், கற்றளி, வரகுணை என்ற தன் இரு தேவியர் பெயரிலும் மூன்று விமானங்களை எடுத்ததை அவனுடைய வடமொழிக் கல்வெட்டே சொல்கிறது. முன்னோரின் போர்ப் பெருமையும் அதில் வரிசையாக வருகிறது. மூன்றில் இரண்டுதான் இன்று நிற்கின்றன, வடபக்கத்ததில் அடித்தளம் மட்டும். கல்கியின் பொன்னியின் செல்வனைப் படித்தவர்களுக்கு இது வானதியின் ஊர், பெரிய வேளாரின் ஊர். அந்த நாவலுக்காகவே இறங்கிப் பார்ப்பவர்களும் உண்டு, அதில் தவறில்லை. ஆனால் இந்த இருக்குவேள் குலத்தார் ஏன் இங்கே வேரூன்றினார்கள்? கொஞ்சம் தெற்கே ஓடும் வெள்ளாறு சோழ நாட்டுக்கும் பாண்டிய நாட்டுக்கும் எல்லை என்பது மரபு. இரண்டு பேரரசுக்கும் நடுவே, மூன்று வழி பிரியும் இடத்தில் உட்கார்ந்திருப்பவனை இரு தரப்பும் வேண்டியவனாக வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. கொடும்பாளூர் மணிக்கிராமம் என்ற வணிகக் குழு இந்த ஊரின் பெயரைச் சுமந்தது. மணிக்கிராமத்தார் எனப்பட்ட வணிகர்களின் கை எவ்வளவு நீளம் என்பதற்குத் தாய்லாந்தின் தகுவாபாவில் கிடைத்த 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு சாட்சி. அங்கே ஒரு குளம் மணிக்கிராமத்தாரின் காவலில் விடப்பட்டிருக்கிறது. விக்கிரமகேசரியின் கல்வெட்டிலும் அரசப் புகழுக்குப் பிறகு வருவது மதுரையைச் சேர்ந்த மல்லிகார்ச்சுனர் என்ற காளாமுக ஆசாரியருக்கு மடமும், 50 துறவிகளின் உணவுக்காக 11 ஊர்களும் கொடுத்த செய்தி. அரசனும் கடைசியில் வந்து போகிறவர்களுக்குச் சோறு போட ஏற்பாடு செய்துவிட்டுத்தான் கல்வெட்டை முடித்திருக்கிறான்.

ஒரே வழி என்று சொல்லிவிட்டு, நார்த்தாமலையையும் திருமயத்தையும் எப்படி அதில் சேர்க்கலாம், அவை புதுக்கோட்டைச் சாலையில் அல்லவா இருக்கின்றன என்றால், அது சரியான திருத்தம். வழி என்பது ஒற்றைக் கோடாக இருந்ததில்லை. மழைக்காலத்துக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று, கள்வர் பயம் இருந்தால் இன்னொன்று. உறையூரிலிருந்து தெற்கே இறங்கியவை ஒரு கற்றைத் தடங்கள். ஒன்று மதுரைக்கு, ஒன்று வெள்ளாற்றைக் கடந்து கிழக்குக் கரைக்கும் சேதுவுக்கும். கடலுக்குப் போன தடத்துக்குச் சான்று வேண்டுமானால் 1898-இல் ஆலங்குடிப் பக்கத்துக் கருக்காக்குறிச்சியில் கிடைத்த புதையல் போதும். ரோமப் பேரரசர்களின் பொற்காசுகள் 501, பெரும்பாலானவை உளியால் கீறப்பட்டவை. நாணயம் என்ற மதிப்பைக் கீறி அழித்துவிட்டு வெறும் தங்கமாக எடைபோட்டு வாங்கியிருக்கிறார்கள் என்பது ஒரு விளக்கம். புதுக்கோட்டை நகரத்தை ஒட்டிய பொற்பனைக்கோட்டையில் 2023-இல் மாநிலத் தொல்லியல் துறை தோண்டியபோது சூதுபவள மணி கிடைத்தது. அந்தக் கல் மேற்கு இந்தியாவிலிருந்து வரும் பண்டம்.

திருமயத்தில் எல்லாரும் கோட்டைக்குத்தான் ஏறுகிறார்கள், 1687-இல் சேதுபதி கட்டியது என்று படித்துவிட்டு மேலே பீரங்கியோடு படம் எடுத்துக்கொண்டு இறங்குகிறார்கள். கீழே ஒரே பாறையில் அடுத்தடுத்து இருக்கும் சிவன், திருமால் குடைவரைகளின் கதை அதைவிடச் சுவையானது. இரு கோயில்காரர்களுக்கும் நிலத்திலும் வருமானத்திலும் இருந்த நெடுநாள் வழக்கு 1245-இல் தீர்த்துவைக்கப்பட்டது. தீர்த்தவர் ஹொய்சளத் தளபதி அப்பண்ண தண்டநாயக்கர். திருவரங்கத்துக்குப் பக்கத்தில் கண்ணனூரில் உட்கார்ந்திருந்த ஹொய்சளர் கை இவ்வளவு தெற்கே நீண்டதும் அதே தடத்தின் வழியாகத்தான். மைசூர்ப் பக்கத்துத் துறவி வந்த வழியில் மைசூர்ப் பக்கத்துத் தளபதியும் ஆயிரத்து முந்நூறு ஆண்டு கழித்து வந்திருக்கிறார்.

வழி ஏன் மறந்துபோனது? 1870களில் திருச்சியிலிருந்து மதுரைக்கு ரயில் போட்டபோது அது திண்டுக்கல் வழியே மேற்காகப் போனது. கொடும்பாளூர் ஒதுங்கிப்போயிற்று. சமஸ்தானத் தலைநகரான புதுக்கோட்டைக்கே 1929-இல்தான் ரயில் வந்தது. போக்குவரத்து விலகியதால் இந்த இடங்கள் தப்பித்தன என்றும் சொல்லலாம். ஆனால் விலகியபின் அவை தனித்தனித் தீவுகளாகிவிட்டன. தீவுக்கு ஒரு ராஜாவை நியமிப்பது சுலபம். ராஜாக்களை எடுத்துவிட்டு வணிகர்களை உட்கார வைப்பதும் ஒரு புதிய மிகையாகிவிடக்கூடும் என்ற எச்சரிக்கையை ஏற்கிறேன். வணிகப் பேரவைகள் தருமசாலை நடத்தவில்லை. ஆயுதம் தாங்கிய காவலோடுதான் நகர்ந்தார்கள், வழியோரக் குடியானவர்களுக்கு அவர்களால் நன்மை மட்டுமே கிடைத்தது என்று சொல்ல எந்தச் சான்றும் இல்லை. ஆனால் அரச வம்சப் பட்டியலால் விளக்க முடியாத எருமைநாட்டுத் துறவியையும், மதுரை ஆசிரியனையும், பதினெண்பூமி விண்ணகரத்தையும், சவரி மயிரையும் வழி என்ற ஒரே விளக்கம் ஒன்றாகக் கட்டுகிறது. விளக்கங்களில் எது சிறந்தது என்று தேர்ந்தெடுக்க அதைவிட வேறு அளவுகோல் தேவையில்லை.

ஆகவே அடுத்த முறை கூட்டாளிகளோடு கிளம்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். புதுக்கோட்டையை நடுவில் வைத்து நட்சத்திரம் மாதிரி ஓடிக் களைக்காதீர்கள். உறையூரில் தொடங்குங்கள். விராலிமலையைத் தாண்டிக் கொடும்பாளூரில் இறங்கி மூவர்கோயிலைப் பாருங்கள். அங்கிருந்து கிழக்கே குடுமியான்மலை, சித்தன்னவாசல், நார்த்தாமலை. ஏழடிப்பட்டத்தை வெயில் ஏறுவதற்குள் முடித்துக்கொள்ள முடிந்தால் நல்லது, இல்லையென்றால் சாயங்காலத்துக்கு வையுங்கள். ஒவ்வொரு இடத்திலும் யார் கட்டியது என்று கேட்பதற்கு முன்னால் யார் எங்கிருந்து வந்தார்கள் என்று கேளுங்கள். கல்வெட்டில் பதில் இருக்கிறது. திருமயம் கடைசியாக இருக்கட்டும். கோட்டைக்கு ஏறுவதற்கு முன் கீழே இரண்டு குடைவரைகளையும் பார்த்துவிடுங்கள், மதியம் நடை சாத்திவிடுவார்கள்.